இருபத்தொன்றா, பூஜ்யமா

சங்கராபுரம் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் ஒன்பது சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரே வினாத்தாளில் திருப்புதல் தேர்வு நடத்தின. கணக்குத் தாளுக்கு 'கீ' என்கிற விடைக்குறிப்பை எழுதியவர், அவற்றில் ஒரு பள்ளியின் கணக்கு வாத்தியார் சுப்புராயன். இருபத்தாறு வருடச் சர்வீஸ். அவர் எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை, அவரும்தான்.

ஒரு பள்ளியின் தாளை இன்னொரு பள்ளி ஆசிரியர் திருத்த வேண்டும் என்பது ஏற்பாடு. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி ஹாலில் உட்கார்ந்து திருத்தினார்கள். பதினோரு மணி வாக்கில், மூங்கில்துறைப்பட்டிலிருந்து வந்திருந்த புது டீச்சர் தனுஷா ஒரு தாளோடு அவர் மேசைக்கு வந்தார்.

"சார், நாப்பத்திரெண்டாவது கேள்வி. மிகச்சிறிய மதிப்பு இருபத்தொண்ணுன்னு கீயில இருக்குதுங்க. இந்தப் பொண்ணு பூஜ்யம்னு எழுதியிருக்குது."

"கீ இன்னா சொல்லுதோ அப்படியே போடுங்க மேடம்."

"அப்படித்தான் போட்டுக்கினு இருந்தேன் சார். மூணு தாள்ல இதே வந்துது. சரி, நாமளே போட்டுப் பார்ப்போம்னு பார்த்தேன். பூஜ்யம்தான் வருதுங்க."

சுப்புராயன் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். "பார்க்கறேன், நீங்க போங்க."

கேள்வி இதுதான்: x-இன் கனமூலத்தை வர்க்கப்படுத்தி, அதை (20 − x)-ஆல் பெருக்கினால் ஒரு சார்பு. கழித்தல் ஒன்றிலிருந்து பத்து வரை அதன் மிகப்பெரிய, மிகச்சிறிய மதிப்புகள் என்ன? அவர் வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தி x எட்டு என்று கண்டிருந்தார். எட்டில் நாற்பத்தெட்டு. இரண்டு முனைகளில் இருபத்தொன்றும் நாற்பத்தாறு சொச்சமும். இருப்பதில் சின்னது இருபத்தொன்று.

இப்போது x-க்குப் பூஜ்யத்தைப் போட்டார். சார்பும் பூஜ்யம் ஆனது. அது இருபத்தொன்றைவிடச் சிறியது என்று சொல்லக் கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

வகைக்கெழுவில் கோட்டுக்குக் கீழே, பகுதியில், x-இன் கனமூலம் நின்றது. அங்கே பூஜ்யம் வந்தால் வகைக்கெழுவே கிடையாது. விடைத்தாள் கட்டின் மேல்சீட்டுப் பின்பக்கம் வரைபடம் போட்டுப் பார்த்தார். கோடு இடப்பக்கமிருந்து சரசரவென்று இறங்கி, அச்சில் கூராகக் குத்தி, அப்படியே மேலே ஏறியது. வகைக்கெழு பூஜ்யமாகும் இடம் அல்லது இல்லாமல் போகும் இடம், இரண்டுமே மாறுநிலைப் புள்ளிகள்; மிகச்சிறிய மதிப்பை இரண்டிலும் தேட வேண்டும். கல்லூரியில் அவருக்கு இது தெரிந்திருந்தது. வேலைக்கு வந்தபின், பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்று ஒரு வருடம் 'அல்லது'க்குப் பின்னால் இருந்ததை விட்டார். அடுத்த வருடம், விட்டதே ஞாபகத்தில் இல்லை.

டீ வந்தது. நிதானமாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

"நாப்பத்திரெண்டுல கீ தப்பு. பூஜ்யம்தான் சரி. திருத்தின கட்டுங்களையெல்லாம் மறுபடி பிரிச்சிடுங்க."

ஹாலில் முணுமுணுப்பு கிளம்பியது. ஒருங்கிணைப்பாளர் சிவசங்கர் பேனாவை மூடினார்.

"எரநூறு பேப்பருக்கு மேல முடிச்சாச்சு சார். ரெண்டு விடைக்கும் மார்க் குடுத்துட்டுப் போலாமே, யாருக்கு இன்னா நஷ்டம்?"

"இருபத்தொண்ணு தப்பு சார்."

"உங்க ஸ்கூல் கட்டு எங்கிட்டதான் இருக்குது. நாப்பத்தொரு பேரும் இருபத்தொண்ணு. பார்த்துக்கோங்க."

சுப்புராயன் அந்தக் கட்டை வாங்கி இரண்டு மூன்று தாள்களைப் புரட்டினார். அவர் நடத்தியபடியே எழுதியிருந்தார்கள். விடைக்குக் கீழே இரட்டைக்கோடு போடுவதுகூட அவருடைய பழக்கம்.

"அஞ்சுல ஸ்டெப்புக்கு மூணு மார்க் குடுங்க. அதுக்கு மேல வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மாலை நான்கரைக்கு முடிந்தது. ஒன்பது பள்ளிகளில் பூஜ்யம் எழுதியவர்கள் பதினேழு பேர்.

திங்கட்கிழமை காலை பள்ளித் தாளாளர் ராணியம்மாள் கூப்பிட்டனுப்பினார். மேசையில் மதிப்பெண் பட்டியல் கிடந்தது.

"இன்னா சார் இது? நம்ம புள்ளைங்கள்ல ஒண்ணுகூட நூறு வாங்கல."

"நான்தான் தப்பா நடத்திட்டேங்கம்மா."

பிள்ளைகள் படிக்கவில்லை என்று இவர் சொல்வார், அதற்கு என்னென்ன கேட்பது என்று அந்த அம்மாள் தயாராக இருந்திருக்க வேண்டும். பட்டியலை மடித்து வைத்தார்.

"பப்ளிக்குக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க" என்றார்.

சுப்புராயன் வகுப்புக்குப் போனதும் கரும்பலகையில் வரையறையை முழுசாக எழுதினார். இந்தப் பாதியைத் தான் நடத்தவில்லை என்பதையும் சொன்னார். சிலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்கள். முதல் பெஞ்சிலிருந்த அபிநயா எழுந்தாள். அவளுக்குத் தொண்ணூற்றெட்டு.

"சார், அப்ப அந்த ரெண்டு மார்க் எனக்குத் திரும்ப வருமா?"

"வராதும்மா."

அவள் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அவர் சாக்பீஸை எடுத்து வரைபடத்தை இடப்பக்கத்திலிருந்து வரையத் தொடங்கினார்.