இடது கால்

டாக்டர் காலைக் காட்டச் சொன்னதும் தையல்காரர் இடது காலைத் தூக்கி முக்காலியின் மேல் வைத்து, போனை அதன் பக்கம் திருப்பினார். மூன்று வாரமாக இந்தக் கால்தான் ஆஜராகிறது. நகம் வெட்டி, எண்ணெய் தடவி, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"புண் எதுவும் இல்லையே ஐயா? சக்கரை இவ்வளவு இருக்கே."

"நீங்களே பாத்துக்குங்க டாக்டர். பளபளன்னு இருக்கு."

மேசைக்கு அடியில் வலது கால் துணிக்கட்டுக்குள் கிடந்தது. கத்தரிக்கோல் நழுவிக் கட்டைவிரலில் விழுந்த காயம். முதலில் விண்விண்ணென்று தெறித்தது. அப்புறம் வலியே இல்லை. ஆறுகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் விரல் கறுத்துக்கொண்டே வந்தது. நாற்றமும் வந்தது. நல்லவேளை, நாற்றம் போனில் போகாது.

ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு ஈரக்குலை நடுங்கும். இரண்டு மாதத்துக்கு முன், வெறும் காய்ச்சல் என்றுதான் மனைவியை வண்டியில் ஏற்றினார்கள். "ரெண்டு நாள்ல வந்துடுவேன், அடுப்பைப் பாத்து அணைங்க" என்று சொல்லிவிட்டு ஏறியவள். தொற்று என்று கடைசியில் முகத்தைக்கூடக் காட்டவில்லை. அவர்களே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள். வேறு ஊரில் இருந்த மகளால் வரவும் முடியவில்லை.

அந்த மகள்தான் இப்போது திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் இருந்தாள்.

"அப்பா, நான் கூப்பிடறப்போ பத்து நாளா மெஷின் சத்தமே கேக்கல. மிதிக்க முடியலையா?"

"இந்த ஊரடங்கு நேரத்துல தைக்கக் குடுக்க யாரும்மா வர்றா?"

"ரெண்டு காலையும் சேத்து வைங்க."

"போன்ல ரெண்டும் அடங்காதும்மா."

"அம்மாவையும் கடைசியா போன்லதான் பாத்தேன்" என்றாள் மகள். "உங்களையும் அப்படியே பாத்துட்டு இருக்கணுமாப்பா?"

அவர் குனிந்தார். கட்டை அவிழ்க்க நேரமாயிற்று.

டாக்டர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "விரல் போயிடுச்சுங்க ஐயா. கால் தப்புமான்னு நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும். வண்டி அனுப்பறேன், இன்னைக்கே" என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதியம் வண்டி வந்தது. தலை முதல் கால்வரை மூடிய உடையில் இரண்டு பேர் அவரைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். வாசல் தாண்டும்போது நிறுத்தச் சொல்லி, செருப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

"படுத்துக்கிட்டுதானே வரப்போறீங்க பெரியவரே, செருப்பு எதுக்கு?"

அவர் கையை மட்டும் நீட்டினார். வண்டிக் கதவு மூடுகிறபோது, தூசி படிந்த அந்த ஜோடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.