பாதியில் நின்ற வெள்ளை

நஞ்சம்மாள் தம்பி மனைவியின் கையை வெடுக்கென்று பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூள்.

"ஏனம்மணி, கையில என்ன வெள்ளையா?"

சண்முகப்பிரியா கையை உருவிச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

நடுவீட்டில் தம்பி சுரேந்தர் பிணமாகக் கிடந்தான். தலைவலி என்று ஒரு நாள் படுத்தவனில்லை. கிணத்துக்கடவிலிருந்து வந்த டாக்டர் மாரடைப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த சனமெல்லாம் தலையாட்டியது. கோயமுத்தூரிலிருந்து ஓடிவந்த நஞ்சம்மாளுக்குத்தான் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

பின்வாசலில் வெள்ளைக் காலடித் தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். தம்பி போன வருசம்தான் போட்ட பட்டுப்புழுக் கொட்டகையில் போய் முடிந்தது. உள்ளே அடுக்கடுக்காகப் புழுக்கள், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன. மேலெல்லாம் அதே தூள். போலீசுக்குப் பேச போனைக் கையில் எடுத்தாள்.

சண்முகப்பிரியா பின்னாலேயே வந்து நின்றாள்.

"புழுவைக் கொன்ன மருந்தைத்தான் என்ற தம்பிக்கும் குடுத்தியா அம்மணி?"

"அதுக சாகலீங்க நங்கையா. தோலுரிக்கத் தூங்குதுங்க. பழைய தோலு பத்தாமப் போனா இப்படித்தான் நிக்குமுங்க. உரிச்சுப்போட்டு எந்திரிச்சு மறுக்காத் திங்கும்." கையை நீட்டிக் காட்டினாள். "இது சுண்ணாம்புத் தூளுங்க, ஈரம் தங்காம இருக்கப் போடறது. காத்தால அவருதான் தூவிட்டிருந்தாரு. உழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்தேன். ஒத்தையாத்தானுங்க தூக்குனேன்."

நஞ்சம்மாள் நம்பவில்லை. கண் மட்டும் அடுக்குகள்மேல் ஓடியது. வெள்ளை ஒரே சீராக நடு அடுக்கு வரை போய், அங்கேயே நின்றிருந்தது. அதற்கு அப்பால் ஒரு பொட்டுத் தூள் இல்லை. அங்கிருந்த புழுக்களும் அப்படியேதான் தலைதூக்கி நின்றன. கீழே சல்லடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஆள் விழுந்து புரண்ட தடம்.

போனை இடுப்பில் செருகினாள்.

"எடுக்கச் சொல்லு," என்றாள்.

ஆண்கள் தம்பியைக் கொண்டுபோன பிறகு அவள் மறுபடியும் கொட்டகைக்குப் போனாள். சல்லடையை நிமிர்த்தித் தூளை அள்ளிப் போட்டு, அவன் விட்ட இடத்திலிருந்து கடைசி அடுக்கு வரை தூவினாள். பிறகு வீட்டுக்கு வந்து, சண்முகப்பிரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கையில என்னங்க வெள்ளையா?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாத்தாள்.

நஞ்சம்மாள் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.