இடம்புரிப் பக்கம்

அருங்காட்சியகத்தில் அவளைக் கண்ணாடியம்மா என்றுதான் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி போட்டவளில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியை வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு நின்றதால் வந்த பெயர்.

புருஷன் அங்கே ஓவியர். எந்தக் கடலிலும் இன்று உயிரோடு இல்லாத நத்தை, சிப்பிகள் கல்லாகிக் கிடைத்திருந்தன. அவற்றைப் புத்தகத்துக்காக வரைந்தார். கல்லச்சுக் காலம் அது. கல்லில் வரைந்தது தாளில் இடவலம் மாறித்தான் விழும். வலப்பக்கம் சுருண்ட நத்தை இடம்புரியாகிவிடும். அதனால் நத்தையைக் கண்ணாடியில் பார்த்துத்தான் வரைவார். கண்ணாடி பிடிப்பது அவள் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாக உண்டு.

"கை ஆடுதும்மா."

"உங்க நத்தை செத்து எத்தனையோ யுகமாச்சு. நான் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் பொறுக்காதா?"

அவர் காலமான பிறகும் அந்த ஜன்னல் வெளிச்சமும் மசி வாடையும் அவளை விட்டுப் போகவில்லை.

இப்போது அந்தப் புத்தகம் மறுபதிப்பு வருகிறது. பொறுப்பிலிருந்த பெண் போன் செய்தாள். "அம்மா, ஒரு பக்கத்துல மட்டும் எல்லா நத்தையும் தப்பாச் சுத்தியிருக்கு. கம்ப்யூட்டர்ல திருப்பிடறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு."

கண்ணாடியம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பி வந்தாள். பக்கத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மகள் பிறந்த வாரம் அது. இவள் ஆஸ்பத்திரியில். பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், தலைகால் புரியாத சந்தோஷத்தில், நத்தையை நேருக்கு நேர் பார்த்து வரைந்து தள்ளிவிட்டார்.

"இத அப்படியே விட்டுடேம்மா. என் மக பொறந்த பக்கம்."

"எனக்கும் ஆசைதாம்மா. ஆனா படிக்கிறவங்க வேற இனம்னு நெனச்சுடுவாங்க. அவர் பேருதான் கெடும்."

அந்தத் தப்புக்குக் கூசி, அவரே கடைசி வரை அந்தத் தாளை அடுத்த தாளோடு சேர்த்துப் புரட்டித் தாண்டிவிடுவார். திருத்தத்தான் வேண்டும். ஆனால் தன் வேலையை ஒரு மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும் என்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

"திருப்பு, வேண்டாங்கல. மெஷின் மட்டும் வேண்டாம். இங்க கண்ணாடி இருக்கா?"

அந்தப் பெண் போய், கை கழுவும் இடத்துச் சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்தை ஜன்னலோரம் நிறுத்தி, கேமராவைக் கண்ணாடியை நோக்கித் திருப்பினாள். கண்ணாடியம்மா கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துச் சாய்த்துப் பிடித்தாள். உள்ளே நத்தைகள் எல்லாம் சரியான பக்கம் சுருண்டு நின்றன.

"அம்மா, கை ஆடுது."

பழைய பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கண்ணாடியை இறுக்கிப் பிடித்தாள்.

"டீ அப்புறம் குடிச்சுக்கறேன். நீங்க வரைஞ்சு முடிங்க," என்றாள், அவரிடம்.