ரோலர் ஃபைல்

பட்டறையில் அவனுக்கு மூளை என்று பெயர். பாதி மரியாதை, பாதி நக்கல். மற்றவர்கள் ஸ்பேனரும் கையுமாகக் காரின் வயிற்றுக்குள் கிடக்க, இவன் மட்டும் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் படாமல் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி, எத்தனை சுற்றோடு நிறுத்தம் என்று காரின் கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதை அழித்துவிட்டு வேறு எழுதுவது அவன் வேலை. அதில் அவன் கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரன் என்பது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்திருந்தது.

அன்றைக்குச் சோதனை உருளைமேல் நின்றது அக்கா வீட்டுச் சிவப்புக் கார். அத்தான் நிலம் அளக்கும் ஆபீசில் வரைபடம் போடுகிறவர். இருபது வருஷமாக அறுபதைத் தாண்டாமல் வண்டி ஓட்டிய மனிதர். அவருக்குப் போன வருஷம் என்ன தோன்றியதோ, சூப்பர்சார்ஜர் வைத்த ஒரு பழைய கார் வாங்கிவிட்டார். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற அந்தச் சாமான் போடுகிற கீச்சுச் சத்தத்தைக் கேட்டாலே அவருக்கு முகம் மலர்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் வேகம் ஏற்ற முடியுமா என்று மச்சினனிடம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார். அக்கா ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். இருக்கிற வேகத்துக்கே எனக்கு உயிர் கையில் இல்லை என்றாள். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தம்பியைக் கூப்பிட்டு, "நீ செய்றதா இருந்தா சரிடா. வேற யார் கைக்கும் வண்டி போகக் கூடாது," என்று இறங்கி வந்தாள்.

சாமான் மாட்டியது ஃபிட்டர். சூப்பர்சார்ஜருக்குச் சின்னப் புல்லி, அதற்கேற்ற பெல்ட், பெரிய இன்ஜெக்டர், புது இன்டர்கூலர். ஃபிட்டர் ஒரு விசித்திரப் பிறவி. முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவார். கோடு போட்டதும் அட்டையில் ஒரு டிக். காற்று வடிகட்டியின் மூடிக்குக்கூட டிக் உண்டு. "உங்களுக்குச் சாப்பிட்டு முடிச்சாலும் டிக் அடிக்கணுமாண்ணே?" என்று மூளை கிண்டல் செய்வான். "உன் லிஸ்ட் எங்கப்பா?" என்று அவர் கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

அந்த நெற்றிக்குள் அவன் வைத்திருந்த லிஸ்டில் முக்கியமானது ஒன்றுதான். எந்தக் காருக்கும் அவன் இரண்டு ஃபைல் வைத்திருப்பான். முதலாவது ரோலர் ஃபைல். காரை உருளைகள்மேல் ஏற்றிப் பட்டையால் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிப்பார்கள். அப்போது பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டிவரும். சாதாரணமாகக் கார் அதற்கு இடம் கொடுக்காது. பிரேக்கில் கால் பட்டால் ஆக்சிலரேட்டரை மதிக்காது, எஞ்சினை அடக்கிவிடும். அந்தக் காவலை ரோலர் ஃபைல் எடுத்துவிடும். சோதனை முடிந்ததும் காவலோடு சேர்த்து இரண்டாவதான ரோடு ஃபைலை ஏற்றி அனுப்ப வேண்டும். நாலே நிமிஷ வேலை.

அன்று அந்த நாலு நிமிஷத்தில்தான் அக்கா குடும்பம் உள்ளே வந்தது. அக்காவின் சின்னப் பெண், அவனுடைய மருமகள், ஓடி வந்து ஹாரனை அமுக்கினாள். எஞ்சினின் பலத்தைக் காட்டித் திரையில் ஏறியிருந்த கோட்டைப் பார்த்து அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சினனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூளைக்குத் தலை கால் புரியவில்லை. போதாக்குறைக்குத் தன் அன்பளிப்பாக ஒரு தடித்த ரப்பர் மேட்டை எடுத்துவந்து டிரைவர் காலடியில் தானே விரித்துவிட்டான். மூன்று பேரும் ஏறினார்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி அத்தானின் தங்கை வீட்டுக்குப் பயணம். கார் தெருமுனை திரும்புகிறவரை கையாட்டிக்கொண்டு நின்றான்.

அரை மணி கழித்து, வேலையைச் சேமித்து மூடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தான். கடைசியாகக் காரில் ஏற்றியது: ரோலர் ஃபைல். அதற்கும் கீழே ரோடு ஃபைல், ஏற்றப்படாமல், அப்படியே கிடந்தது.

முதலில் நம்பவில்லை. கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தான். சரி, சரி, அத்தான் நிதானமானவர், இரண்டு பெடலையும் சேர்த்து மிதிக்கிற ஆள் இல்லை, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து ஃபிட்டர் வந்தார்.

"ஏம்பா, அந்தக் கார்ல கிடந்த பழைய மேட்டை எனக்குத் தர்றேன்னியே? கீழ படுத்து வேலை பாக்க முதுகுக்குப் போட்டுக்கலாம்னு பாத்தேன். குப்பையிலயும் காணோம்?"

பழைய மேட்டை அவன் எடுக்கவே இல்லை. அதன்மேலேயே புதியதை விரித்திருந்தான், கொக்கியில் மாட்டாமல். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட். மேலே இருப்பது வழுக்கி முன்னால் போனால் பெடல்மேல் ஏறும். ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்தால் அது மேட்டின் விளிம்பில் சிக்கி, எழும்பாமல் அங்கேயே நிற்கும். காவல் இருந்தால் பிரேக்கைத் தொட்டதும் எஞ்சின் அடங்கிவிடும். இப்போது அடங்காது. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது பிரேக்கை அழுத்த எஞ்சின் வழக்கமாகத் தருகிற உதவி கிடைக்காது என்பது அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஒரு மிதி, இரண்டு மிதி. மூன்றாவது மிதிக்குப் பிரேக் கல்லாகிவிடும். போன வாரம் இருந்ததைவிடக் கால் பங்கு அதிக பலத்தோடு கார் பாயும். அந்தப் பலத்தையும் கொடுத்தவன் அவன்தான்.

போனை எடுத்தான். அத்தானின் நம்பரை அழுத்த மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

"சொல்லு மாப்ள! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேக்கறாங்க. சிக்னல்ல நிக்கறோம். வண்டியா இது? ஆபீஸ்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லப் போறேன், என் மச்சினன் கை பட்ட வண்டின்னு!"

மூளை வாயைத் திறந்தான். தப்பு பண்ணிட்டேன் அத்தான், ஓரமா நிறுத்துங்க, காலடியில இருக்கிற மேட்டைத் தூக்கிப் போடுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பன்னிரண்டு வார்த்தை தேறாது. ஆனால் மானம் போகிற பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது அன்றைக்கு உயிர்ப் பயத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. பின்னால் ஃபிட்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே ஸ்பீக்கரில் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாய்க்கு வந்தது பொய்.

"ஒண்ணுமில்ல அத்தான்... ஒரு சின்ன செட்டிங் பாக்கி. ஒரு நடை திரும்பி வந்துட்டுப் போயிடுங்களேன்."

"ஞாயித்துக்கிழமை வர்றப்ப பாத்துக்கலாமே?"

"இல்ல, இன்னைக்கே பண்ணிட்டா நல்லது. சீக்கிரம் வாங்க. இன்னைக்குப் பட்டறைய முன்னாடியே மூடிருவோம்... நாப்பது நிமிஷத்துல."

ஏன் அதைச் சொன்னான்? அவர் தட்டிக் கழிக்காமல் இருக்கட்டும் என்றுதான். பட்டறை மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"நாப்பது நிமிஷமா?" அத்தானின் குரலில் சின்னப் பையனின் குதூகலம். "அதுக்கென்ன, நீ குடுத்த குதிரைய ஓட விட்டுப் பாத்துட வேண்டியதுதான்! பச்சை விழுந்துருச்சு, வைக்கறேன்."

"அத்தான்! வேண்டாம், மெதுவா..."

லைன் போய்விட்டது. வாழ்நாள் முழுக்க அறுபதில் போன மனிதரை அவனே வாயைத் திறந்து விரட்டிவிட்டிருந்தான்.

திரும்பக் கூப்பிட்டான். ஓட்டும்போது அத்தான் போனைத் தொட மாட்டார், அது அவர் கொள்கை. அக்காவைக் கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே துண்டானது. மறுபடி. மறுபடி துண்டு. அவனுக்குப் புரிந்தது. அக்காவின் போன் பின்சீட்டில் மருமகள் கையில். விளையாட்டுக்கு நடுவில் எவன் கூப்பிட்டாலும் அவள் வெட்டிவிடுவாள். அவன் கூப்பிட்டபோதும் முன்பு வெட்டியிருக்கிறாள், அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றார் ஃபிட்டர்.

அவரிடம் சொன்னான். எல்லாவற்றையும், ஒன்று விடாமல். ஃபிட்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பட்டறை வேனை நோக்கி ஓடினார். லேப்டாப் பையை வழக்கம்போலத் தோளில் மாட்டிக்கொண்டு இவனும் பின்னால் ஓடினான்.

அந்த இருபது நிமிஷத்தில் அவன் பட்டது போதும். எதிரே சிவப்பாக எது வந்தாலும் அத்தானின் கார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, இல்லை என்று தெரிந்ததும் இன்னும் வேகமாக அடித்தது. போனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் மரத்துப் போனது. துண்டு. துண்டு. ஒவ்வொரு தடவை துண்டானபோதும் குழந்தை உயிரோடு இருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு தடவை மணி முழுக்க அடித்தது. யாரும் வெட்டவில்லை. யாரும் எடுக்கவும் இல்லை.

"அண்ணே, வேகமாப் போங்கண்ணே," என்றான்.

பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம், சாலையை அகலப்படுத்துகிற இடத்தில் கூட்டம் நின்றது. வேன் நிற்பதற்குள் குதித்துவிட்டான். கீழே விழுந்து, எழுந்து ஓடினான். வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் பாதி வரை மூக்கைச் செருகிக்கொண்டு சிவப்புக் கார் நின்றது. முன்பக்கத்திலிருந்து ஆவி எழுந்தது. ஓரத்துக் கல்லில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம், மணிக்கட்டை மறு கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மடியோடு ஒட்டிக்கொண்டு மருமகள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போய் மருமகள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லாரிய முந்தறப்ப முழுசா மிதிச்சாரு," என்றாள் அக்கா. "அப்புறம் வேகம் குறையவே இல்லடா. பிரேக்கு மேல ஏறி நின்னாரு, நிக்கல. நான்தான் கியரைப் பிடிச்சு நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் அலறுச்சு பாரு... இவரு மணல்ல விட்டாரு. மணல் மட்டும் இல்லைன்னா..." மகளின் தலையைத் தடவினாள்.

அத்தான் வந்தார். மூக்கில் வழிந்த ரத்தம் காய்ந்திருந்தது. மச்சினனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடு மாப்ள. உன் ரெண்டு நாள் உழைப்பை நாசம் பண்ணிட்டேன். இவ்வளவு வேகம் என் காலுக்குப் பழக்கமில்ல. பயத்துல பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலரேட்டரையே மிதிச்சிருக்கேன் போல. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். உன் மேல ஒரு பேச்சு வராது."

மூளை எழுந்து காரிடம் போனான். கதவு திறந்துதான் கிடந்தது. ஆக்சிலரேட்டர் இன்னும் கீழேயே இருந்தது, புது மேட்டின் விளிம்பு அதன்மேல் ஏறியிருந்தது. அவன் மேட்டை இழுத்ததும் பெடல் டக்கென்று மேலே வந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து கேபிளைச் செருகினான். காரின் கம்ப்யூட்டருக்கு உயிர் இருந்தது. ரோடு ஃபைல் தயாராக இருந்தது. நாலு நிமிஷம். மேட்டை வேனில் போட்டுவிட்டால் முடிந்தது. அத்தானே பழியை ஏற்றுக்கொண்டாயிற்று. ஃபிட்டர் வாயைத் திறக்கிற ஆளில்லை. இப்படி நினைக்கிறோமே என்று அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. விரல் மட்டும் பொத்தானை விட்டு நகரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அத்தான் யாரோ ஒருவரிடம் தன் வலது காலைத் தூக்கிக் காட்டி, எப்படித் தவறாக மிதித்தார் என்று விளக்கிக்கொண்டிருந்தார். இனி இந்த மனிதர் கார் ஓட்டவே மாட்டார். தன் காலை நம்பவே மாட்டார்.

கேபிளைப் பிடுங்கினான். மேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் போட்டான்.

"உங்க காலுல தப்பில்ல அத்தான். நீங்க சரியாத்தான் பிரேக்கை மிதிச்சிருக்கீங்க. இந்த மேட்டைப் பழசு மேலயே போட்டது நான். பிரேக்கை மிதிச்சா எஞ்சின் அடங்கணும், அதை எடுத்துவிட்டவனும் நான்தான். திருப்பிப் போட மறந்துட்டேன்."

அத்தான் மேட்டைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். அக்காவுக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மருமகள் பக்கத்தில் இருந்த இடத்தில் அவனும் திரும்ப உட்கார்ந்தான். சொல்லிவிட்டோம், இனித் திட்டட்டும், அடிக்கட்டும் என்று இருந்தது. அக்கா திட்டவில்லை. கேட்டாள்.

"போன் பண்ணினியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சிக்னல்ல நின்னுட்டிருந்தோம். வண்டி நின்னுட்டிருந்துச்சு."

அவன் தலையாட்டினான்.

"அப்ப ஏன்டா சொல்லல?"

அவனிடம் பதில் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா வலிக்கிற கையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தாள். நல்ல கையால் மகளின் தோளைப் பிடித்து எழுப்பி, அவன் பக்கத்திலிருந்து கூட்டிப்போய், அத்தானுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தாள்.