தாளிக்காத வீடு

விநாசித்தம்பிக்கு முதன்முதலாக அந்தக் குத்து வந்தபோது, ஜப்பான்காரன் பினாங்குக்குள் நுழைந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. துறைமுக ஆபீசில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர், வலது விலாவுக்குக் கீழே யாரோ கம்பியை ஏற்றித் திருகுவதுபோல உணர்ந்து மேசைமேல் சாய்ந்துவிட்டார். வலி தோள்பட்டை வரை ஏறியது. ரிக்சாவில் போட்டு டாக்டர் ராமதாஸிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "பித்தப்பையில கல் சார். அறுத்துத்தான் எடுக்கணும். ஆனா மயக்க மருந்துக்கு இப்ப எங்க போறது? எண்ணெய், தேங்காப்பால், இறைச்சி, முட்டை மஞ்சக்கரு, எதுவும் கிட்ட வரக்கூடாது. கஞ்சி, அவிச்ச காய், அவ்வளவுதான். கல்லைத் தூங்கவைக்கப் பாருங்க. எழுப்பிடாதீங்க."

ஊரே அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற காலம். எண்ணெய் தின்னக்கூடாது என்று ஒருவனுக்கு வைத்தியம் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். விநாசித்தம்பியும் முதலில் சிரித்தார். மரவள்ளிக்கிழங்கு அவருக்கு வயிற்றை ஊதவைத்தது. ஆகவே வீட்டுக்குக் கிடைத்த கொஞ்ச அரிசியும் அவருக்கே கஞ்சியாயிற்று. மனைவி கனகேஸ்வரியும் ஏழு வயது மகள் பத்மாவதியும் கிழங்கு தின்றார்கள். அந்தக் கிழங்கைச் சீவி, பங்கீட்டில் கிடைத்த செம்பனை எண்ணெயில் கனகேஸ்வரி பொரிப்பாள். மகள் மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம் அவருடைய காதில் விழும். அவர் முன்னால் உப்புக் கஞ்சியும் நீர்ப் பூசணிக்காயும் இருக்கும்.

மாதங்கள் போகப்போக நாக்கு செத்துப்போனது. ஒருநாள் ஆபீஸ் விட்டு சூலியா தெரு வழியாக வந்தார். ஒரு கடைவாசலில் கிழங்கு மாவில் வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. கால் நின்றுவிட்டது. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி ஒரு வடை தின்றார். பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. கைக்குட்டையால் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல வீட்டுக்கு வந்தார்.

அன்று பொழுது சாயுமுன் கல் விழித்துக்கொண்டது. பாயில் புரண்டு புரண்டு கத்தினார். கனகேஸ்வரி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தபடி அழுதாள்.

"பூசணிக்காய்தானே அவிச்சுத் தந்தனான். சட்டியில பழைய எண்ணெய்ப்பிசுக்கு இருந்ததோ தெரியேல்லையே. என்ர கவலையீனம்தான்."

அவர் வாய் திறக்கவில்லை. வலி தணிந்தபின் திறந்தார். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை.

"கனகம், எண்ணெய் மணம் மூக்கில பட்டாலே எனக்குச் சத்தி வருது. இனி இந்த வீட்டில பொரியலும் தாளிதமும் வேண்டாம்."

வாந்தியெல்லாம் வரவில்லை, வாயில் எச்சில்தான் ஊறியது. அந்த மணம் வீட்டுக்குள் இருந்தால் என்றாவது ஒருநாள் தானே சட்டியில் கைவைத்துவிடுவோம் என்று அவருக்குப் பயம். தன் நாக்கைக் கட்டத் தெரியாதவர் அடுப்பைக் கட்டினார்.

கனகேஸ்வரி உடனே சம்மதித்தாள். "நீங்கள் பத்தியம் காக்கேக்குள்ள நாங்கள் ருசியாத் தின்னுறதும் ஒரு தின்னலோ?" என்றாள். மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் அவித்ததுதான். பங்கீட்டு எண்ணெயைப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் கொடுத்தாள். ஹபீபா பீவி வாழைப்பழம் பொரித்துத் தெருவில் விற்பவள். அவளுடைய தம்பி அக்கரையில் கெடாவிலிருந்து ஒளித்துக் கொண்டுவரும் அரிசியில் ஒரு பங்கு, எண்ணெய்க்குப் பதிலாக இந்த வீட்டுக்கு வந்தது. கஞ்சி கெட்டியாயிற்று. கல் தூங்கிற்று. விநாசித்தம்பியின் கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. எனக்காக வீடே பத்தியம் இருக்கிறது என்று ஆபீசில் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பத்மாவதி மாத்திரம் மெலிந்துகொண்டு வந்தாள். அந்த நாளில் மெலியாத பிள்ளை எது? தோல் சொரசொரவென்று உலர்ந்தது. பொழுதுபட்டால் விளையாடப் போகாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் எடுத்ததையெல்லாம் தவறவிட்டாள். "கவனமில்லாத பிள்ளை" என்று தாய் ஏசினாள்.

ஒருநாள் அந்தி. விமானத்துக்குப் பயந்து விளக்கை நேரம் கழித்தே ஏற்றுவார்கள். சன்னலில் இன்னும் சாம்பல் நிற வெளிச்சம் இருந்தது. தகப்பனுக்குக் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்த பத்மாவதி, வழியில் கிடந்த முக்காலியில் நேராகப் போய் மோதினாள். கோப்பை உருண்டது. கஞ்சி தரையெல்லாம் பரவியது.

ஒரு நாளைக்கு அதுதான் அவருடைய சாப்பாடு. விநாசித்தம்பி எழுந்த வேகத்தில் அவள் கன்னத்தில் அறைந்தார்.

"கண் என்ன, பிடரியிலேயோ இருக்கு? அரிசி எண்டால் என்னெண்டு தெரியுமோ உனக்கு?"

பிள்ளை அழவில்லை. சட்டென்று தரையில் குந்தி, சிந்தியதை அள்ளப் பார்த்தாள். கை வெறுந்தரையைத் தடவியது. கஞ்சி இருந்தது இடப்பக்கம். அவள் துழாவியது வலப்பக்கம். இரண்டு கைகளாலும் காய்ந்த சிமெந்தை வழித்து வழித்துக் கோப்பைக்குள் போடுவதுபோலச் செய்தாள்.

விநாசித்தம்பி குனிந்து அவள் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினார்.

"பிள்ளை, இது எத்தினை விரல்?"

"கையை எங்கயப்பா வச்சிருக்கிறியள்?"

"எப்ப தொடக்கம் உனக்கு இப்பிடி?"

பத்மாவதிக்குக் கேள்வி விளங்கவில்லை. "விளக்குக் கொளுத்தாட்டி ஒருத்தருக்கும் தெரியாதுதானே அப்பா?"

மறுநாள் காலை மூவரும் டாக்டர் ராமதாஸ் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் பிள்ளையின் இமையை விரித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணின் வெள்ளையில் சோப்பு நுரை ஒட்டினாற்போல ஒரு திட்டு. இடது கருவிழி மினுமினுப்பு இழந்து, ஓரத்தில் புண்பட்டிருந்தது.

"மாலைக்கண். புள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?"

"கிழங்கு, கீரை எல்லாம் குடுக்கிறனான் டாக்டர்," என்றாள் கனகேஸ்வரி. "முருங்கைக்கீரைகூட அவிச்சு..."

"எண்ணெய்?"

"இவருக்கு ஆகாதெண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே. வீட்டில எண்ணெயே இல்லை."

டாக்டர் பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுத்தார். "அவருக்குச் சொன்னேம்மா. வீட்டுக்கே சொல்லலியே! கொழுப்பு ஒரு சொட்டும் இல்லாம கீரையோட சத்து எப்படி உடம்புல சேரும்? இந்தச் செவப்பு எண்ணெய்லயே கண்ணுக்கு வேண்டிய மருந்து இருக்கு. இன்னைக்கே குடுக்க ஆரம்பிங்க. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ரெண்டு கண்ணும் போயிருக்கும்."

வீடு வந்து சேர்ந்ததும் கனகேஸ்வரி நேராக ஹபீபா பீவியிடம் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் அடுப்பிலிருந்த சட்டியை அப்படியே இறக்கிவைத்தாள். "யா அல்லா! பச்சப்புள்ள எண்ணெயிலயா நான் பழம் பொரிச்சு வித்தேன்? சொல்லக்கூடாதா லா?" என்று கேட்டு, போத்தலில் இருந்ததை முழுவதும் கொடுத்தனுப்பினாள்.

போத்தலை மடியில் வைத்துக்கொண்டு கனகேஸ்வரி அடுப்படியில் உட்கார்ந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பெத்த தாயோ? பிள்ளையின்ர பங்கைக் குடுத்து அரிசி வாங்கினனே. நான்தான் கண்ணைக் கெடுத்தன்."

விநாசித்தம்பி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முன்பொரு நாள் பூசணிக்காய்க்காக அழுத அதே குரல். அன்றைக்குப்போலவே இன்றும் பேசாமல் இருந்துவிடலாம். அவளே எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்வாள். அவருக்கு ஆறுதல்கூடச் சொல்வாள். அந்த நினைப்பே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"கனகம், எனக்கு அந்த மணத்தில சத்தி வரேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆசைதான் வந்தது. அண்டைக்கு வயிறு குத்தினது உன்ர பூசணிக்காயால இல்லை. சூலியா தெருவில களவா வடை திண்டிட்டு வந்தனான். திரும்பவும் தின்னப்போறனெண்டு பயந்துதான் சட்டியைக் கவிழ்க்கச் சொன்னனான்."

கனகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தூக்கி வைத்திருந்த இரும்புச் சட்டியைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். எண்ணெய் விட்டாள். கீரையை அள்ளிப் போட்டதும் சட்டி சீறியது. அந்த வீடு மறந்துபோன சத்தம் அது.

பிறகுதான் பேசினாள். "மணம் தாங்காட்டி வெளியில போய் இருங்கோ."

அவர் வெளியே போய் இருந்தார். அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும். அரிசிக் கஞ்சி தனக்கு வேண்டாம், வற்றாளங்கிழங்கு அவித்ததே போதும் என்று சில நாள் பிடிவாதம் பிடித்துப் பார்த்தார். வயிறு கேட்கவில்லை. மறுபடியும் மடங்கிப் படுத்தபோது கனகேஸ்வரி கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "நீங்கள் செத்தால் பிள்ளைக்குக் கண் வருமோ? குடியுங்கோ." கஞ்சியில் உப்பு அளவாக இருந்தது. முன்போல பக்கத்தில் உட்கார்ந்து விசிற மட்டும் அவள் வரவில்லை. ஒவ்வொரு மிடறும் மகளிடமிருந்து பிடுங்கியதுபோலத் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

சில வாரங்கள் கழித்து, ஒரு மாலை. உள்ளே கிழங்கு பொரிந்துகொண்டிருந்தது. விநாசித்தம்பி வழக்கம்போல வாசலில், தெருவைப் பார்த்தபடி இருந்தார். வெளிச்சம் வடிந்து எதிர்வீட்டுச் சுவர் மங்கிக்கொண்டு வந்தது. பத்மாவதி எதையும் தொடாமல், தடவாமல், நிலைப்படியைத் தாண்டி வந்து அவர் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, அந்தா ஒரு பூனை."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுவர்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. அவருக்கே உடனே பிடிபடவில்லை.

"வால் அரைவாசிதான் இருக்கு," என்றாள் அவள்.

மகளுடைய முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். வலது கண் பளிச்சென்றிருந்தது. இடது கருவிழியின் ஓரத்தில் அரிசிக் குறுணைபோல ஒரு வெள்ளைத் தழும்பு. அது இனி மாறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு அப்பா உனக்கு அடிச்சனான். அது பிழை."

பத்மாவதி ஆச்சரியமாகப் பார்த்தாள். "நான்தானே அப்பா கஞ்சியைக் கொட்டினனான்."

"இல்லையம்மா. உன்ர பிழை இல்லை. அப்பாவிலதான்..."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பூனை சுவரிலிருந்து குதித்து ஓடைக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிக் கொட்டமாட்டன்," என்று அவரைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்.

உள்ளேயிருந்து சாப்பிட வரச்சொல்லித் தாய் கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து ஓடினாள். எண்ணெய் மணம் வாசல்வரை வந்தது. அவருடைய வாயில் இன்னமும் எச்சில் ஊறத்தான் செய்தது.