மருந்தை நிறுத்தியாச்சு

என் பெண்டாட்டியின் வயிற்றுச் சங்கதி தினமும் என் போனுக்கு வந்துவிடும். பானுப்பிரியாவுக்குப் பெருங்குடலில் புண். முழுசாகத் தீராது, அடக்கித்தான் வைக்கமுடியும் என்று சொல்லி, மதுரை டாக்டர் எங்கள் இரண்டு பேர் போனிலும் ஒரு ஆப் ஏற்றிவிட்டார். எத்தனை தடவை வெளிக்கிப் போனாள், ரத்தம் உண்டா, மருந்து எடுத்தாளா என்று சாயங்காலமானால் அது கேட்கும். அவள் பதில் அமுக்குவாள். எல்லாம் சரியென்றால் என் போனில் பச்சை வரும். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த அரண்டவன் நான்தான். போன தடவை ரத்தமாகப் போய் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கிடையைப் பார்த்திருந்தால் நீங்களும் அரண்டிருப்பீர்கள்.

அன்றைக்குச் சிவகாசி அச்சாபீசில் லேபிள் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. 'மருந்தை நிறுத்திவிட்டார். உடனே தொடர்பு கொள்ளவும்.'

மிஷினை அணைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். எடுத்தது வாட்ச்மேன் அய்யாதுரை. அவள் வேலை பார்க்கும் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டில் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

"இப்பத்தான் மதுரையிலருந்து ஒரு நர்சம்மா பேசுச்சுப்பா. பானுப்பிரியா மருந்து ஒழுங்கா எடுக்குதான்னு கேட்டுச்சு. மருந்தா? அதை நிறுத்தி ஒரு வாரமாச்சு தாயி, இந்த மழை ஈரத்துல யாரு மருந்தைத் தொடுவா, எல்லாரும் பாக்கெட்டுதான் ஒட்டுறாகன்னேன். பதறிப்போச்சு. ஏன்னே தெரியல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. மாத்திரையை மாத்திரை என்றுதான் சொல்வோம். மதுரைக்காரம்மாவுக்கு அது எங்கே தெரியும்? போன உயிர் திரும்பி வந்தது. பானுப்பிரியாவிடம் சொல்லிச் சிரிக்கலாமென்று, வேலை விடுகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலுக்கே வண்டியில் போய்விட்டேன்.

வெளியே வந்தவளிடம் கதையைச் சொன்னேன். கூடச் சேர்ந்து சிரிப்பாள் என்று பார்த்தால், முகம் செத்துப்போனது.

"அய்யாதுரை அண்ணனுக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?" என்றாள்.

"எது?"

தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குங்க. இந்த மாத்திரையெல்லாம் வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு கூட வேலை பாக்குற முருகம்மாக்கா சொன்னாக. அன்னைக்கே நிறுத்திட்டேன்."

எத்தனை வருஷம் எத்தனை கோயிலுக்கு நடந்திருப்போம்! சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடியை விடுமுன்னே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப தினமும் பச்சை எப்படி வந்துச்சு?"

"பொய்யாத்தான் அமுக்குனேன். அது வரலேன்னா நீங்க சோறு திங்க மாட்டேங்கீகளே."

அங்கே நின்றபடியே நர்சம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அவங்க சாப்பிடுற மாத்திரையால குழந்தைக்குப் பயமில்லைங்க. அதை நிறுத்தி, நோய் திரும்பக் கிளம்புனாத்தான் பயம். ரத்தம் ஏதும் போகுதான்னு கேளுங்க."

நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. பானுப்பிரியா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலருந்து போகுது. குடல் ரத்தமா, புள்ள ரத்தமான்னு எனக்கே தெரியலங்க."

"பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போங்க. பைக் வேண்டாம்" என்றார் நர்சம்மா.

அய்யாதுரை ஓடிப்போய், ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கம்பெனி வேனை மறித்தார். உள்ளே இருந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் இறங்கி எங்களுக்கு வழிவிட்டார்கள்.