பட்டியலில் மூன்றாவது பெயர்

பனமரத்துப்பட்டியில் மழலையர் பள்ளி தொடங்க ஜாக்குலின் கொடுத்த விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. முதல் முறை தீயணைப்புத் துறைச் சான்று இல்லை என்றார்கள். அலைந்து வாங்கிக் கொடுத்தாள். அடுத்த முறை வரைபடத்தில் கழிப்பறை தெளிவாக இல்லை என்றார்கள். புதிதாக வரைந்து கொடுத்தாள். இந்த முறை சொன்ன காரணம் அவளுக்குப் புரியவே இல்லை.

"நீங்க ஏற்கெனவே வேற ஸ்கூல்ல வேலை பாக்கறீங்களே மேடம்," என்றார் கல்வி அலுவலக எழுத்தர் பொன்னன். "ஒரே ஆள் ரெண்டு எடத்துல எப்படி இருக்க முடியும்?"

"நான் எங்கயும் வேலை பாக்கலைங்க சார். வேலைய விட்டு ஒரு வருசமாச்சு."

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு மழலையர் பள்ளியின் ஆசிரியர் பட்டியல். நான்கு பெயர்கள். மூன்றாவது ஜாக்குலின். பக்கத்தில் அவளுடைய புகைப்படம், அவளுடைய பட்டயச் சான்றிதழ், கீழே ஒரு கையெழுத்து. 'ஜாக்லின்' என்று எழுதியிருந்தது. அவள் பெயரைக்கூட அந்தக் கைக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பள்ளிக்கு ஒரே ஒரு முறை நேர்காணலுக்குப் போயிருந்தாள். ஜெராக்ஸ் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

"சார், இது என் கையெழுத்தே இல்ல."

பொன்னன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் விரலை அவள் விண்ணப்பத்தின் ஓரத்திலேயே துடைத்தார். "இதையெல்லாம் பெருசு பண்ணாதீங்க. அங்கிருந்து நின்னுட்டதா ஒரு லெட்டர் வாங்கியாங்க, முடிஞ்சுது. எல்லா ஸ்கூல்லயும் நடக்கறதுதான்."

மறுநாள் காலை ஃபேர்லேண்ட்ஸுக்குப் போனாள். சுவர் முழுக்க முயலும் யானையும் வரைந்த வீடு. உள்ளே காலெடுத்து வைத்ததும் ஃபினாயில் நெடி, அதற்கு அடியில் அடங்காத மூத்திர நாற்றம். பழக்கத்தில் பிள்ளைகளை எண்ணினாள். இரண்டு அறைகளில் ஐம்பத்திரண்டு பேர். பார்த்துக்கொள்ள இருந்தது இரண்டே பேர்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மோனிஷா என்கிற பெண்ணும், ராசம்மாள் என்கிற ஆயாவும். சுவரில் 'எங்கள் ஆசிரியர்கள்' என்று கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. அதில் ஜாக்குலின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூலையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் துப்பட்டாவால் நாற்காலியோடு கட்டி வைத்திருந்தார்கள். அது அழக்கூட இல்லை. உதடு வெடித்திருந்தது.

"என்னங்க இது?" என்று ஆயாவிடம் கேட்டாள்.

"உட்டா ரோட்டுக்கு ஓடிப் போயிருதுங்க சாமி. நான் சோறூட்டப் போனா வேற ஆரு பாக்கறது?" ராசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "தாளாளரு தண்ணியுங் கொறச்சுத்தான் குடுக்கச் சொல்லியிருக்காருங்க. குடிச்சா ஈரம் பண்ணிப் போடுதுகளாம்."

சேலத்துச் சித்திரை வெயில். ஜாக்குலின் நேரே தாளாளரின் அறைக்குப் போனாள்.

தாளாளர் சிவபிரகாஷின் அறையில் மட்டும் ஏசி ஓடியது. அவர் மழுப்பவில்லை. அவளைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டது போல எழுந்தார்.

"உக்காருங்க மேடம். நீங்களும் ஸ்கூல் தொறக்கறீங்கன்னு பொன்னன் சார் சொன்னாரு. ஆளு தேறிடுச்சா? பனமரத்துப்பட்டிக்கு டிரெயினிங் முடிச்சவங்க யாரு வருவா? எங்கிட்டப் பதினெட்டுப் பேரோட சர்டிபிகேட் இருக்கு. ரெண்டு உங்களுக்குத் தரேன். நீங்க இங்கிருந்து நின்னுட்டதா லெட்டரும் தரேன். ஆனா ஜூன் இன்ஸ்பெக்சன் முடியட்டும். அது வரைக்கும் உங்க பேரு இங்க இருக்கட்டும்."

அவளுக்கு ஓர் ஆசிரியை உண்மையிலேயே தேவைப்பட்டாள். வருகிறேன் என்ற ஒருத்தி போன வாரம் கைவிட்டிருந்தாள். ஜூனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவள் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. போட்டது தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து வெளியே வந்தாள்.

துப்பட்டா முடிச்சை அவிழ்த்தாள். குடத்தைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். கட்டி வைத்திருந்த குழந்தை மூன்று தம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தது. மற்றப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றன. ராசம்மாள் இன்னொரு தம்ளரை எடுத்து மொண்டு கொடுக்க ஆரம்பித்தாள்.

"வெளிய போங்க மேடம், போலீசைக் கூப்புடுவேன்," என்றார் சிவபிரகாஷ்.

"கூப்புடுங்க," என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றாள்.

மதியம் பெற்றோர் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னாள்: "உள்ள போட்டோல இருக்கறது நான்தாங்க. நான் இங்க ஒரு நாள்கூட வேலை பாத்ததில்ல."

ஜவுளிக் கடைச் சீருடையில் வந்த ரஞ்சிதா என்பவள் அவளிடமே பாய்ந்தாள். "அதை இப்ப வந்து சொல்றீங்க! எம்புள்ளைய நாளைக்கு எங்க உடறது?" சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாற்காலியில் கட்டி வைத்திருந்தது அவள் மகளைத்தான். வெளியே வந்தபோது குழந்தையின் கையைத் திருப்பிக் காட்டினாள். கட்டின தடம் சிவந்து கிடந்தது. அதற்குப் பிறகு வாசலில் சத்தம் பெரிதாகிவிட்டது.

ஜாக்குலின் ஆட்சியருக்குப் புகார் அனுப்பினாள். ரஞ்சிதாவும் இன்னும் ஆறு பேரும் கையெழுத்திட்டார்கள். அதிகாரிகள் வந்து அந்தப் பள்ளியைப் பூட்டினார்கள். இருபதாவது நாள் இரண்டு தெரு தள்ளி, சிவபிரகாஷின் மனைவி பெயரில், வேறு பலகையோடு அது மறுபடியும் திறந்தது. பழைய பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேயே போனார்கள். வேலைக்குப் போகிற தாய்மார்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவள் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. பொய்ப் பெயர் வைக்க மனமில்லாததால் இரண்டு ஆசிரியைகள், முப்பது பிள்ளைகள் என்று விண்ணப்பத்தைச் சுருக்கி எழுதினாள். பொன்னன் அதை நான்கு மாதம் அசைக்காமல் வைத்திருந்தார். கடைசியில் அனுமதி ஆணையை அவரே கொண்டு வந்து கொடுத்தார். பள்ளியைச் சுற்றிப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், தலையை ஆட்டினார்.

"எங்கக்கா பேத்திய இங்க சேத்துக்கறீங்களா மேடம்? அங்க டவுன்ல எதையும் நம்பி உட முடியறதில்லைங்க."

அவர் முகத்தில் கூச்சத்தின் சாயலே இல்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? ஜாக்குலின் சேர்க்கைப் படிவம் ஒன்றை எடுத்து, அவர் கையில் தராமல் மேசை மேல் வைத்தாள்.